லியோனின் ‘ஓத்தேல்’கள் விடுதிகள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பிரான்சின் லியோன் நகரைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். காரைக்காலில் பிறந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்நகரின் பழைய பகுதியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற கணக்கன் நான். தினமும் காய்கறிப் பையோடு கடந்து போகிற தெருவைத் தமிழ் நாளிதழில் படமாகப் பார்த்ததில் ஏற்பட்ட மகிழ்ச்சியை முதலில் தெரிவித்துவிடுகிறேன். ஆனால் கட்டுரையில் உள்ள இரண்டு பிழைகளைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. ஒன்று சிறியது, மற்றொன்று அவ்வளவு சிறியதல்ல.

சிறியதை முதலில் சொல்கிறேன். ழுய்வ்ரி தெருவின் 8ஆம் எண் வீட்டைக் காட்டும் படத்தின் கீழ் ‘புல்லியூ ஹோட்டல்’ என்று அச்சாகியிருக்கிறது. கட்டுரையும் அதைப் பயணிகள் தங்கும் இடமாகவே எண்ணிக்கொண்டு, அறை வாடகை அதிகம் இருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. பிரெஞ்சில் ‘ஓத்தேல்’ என்ற சொல்லுக்கு விடுதி என்பது ஒரு பொருள் மட்டுமே. செல்வரோ உயர் அதிகாரியோ நகரத்துக்குள் தமக்காகக் கட்டிக்கொண்ட பெரிய வீட்டையும் அப்படித்தான் அழைப்பார்கள். நகராட்சிக் கட்டடம் ‘ஓத்தேல் த வீல்’ என்றும், பழைய பெரிய மருத்துவமனை ‘ஓத்தேல் தியூ’ என்றும் வழங்குவதும் இதே வழக்கால்தான். லியோனின் ஓத்தேல் தியூவில் ஒரு பகுதி சில ஆண்டுகளுக்கு முன் உண்மையாகவே ஆடம்பர விடுதியாகிவிட்டது என்பது வேறு கதை. பழைய நகரில் விடுதியாக மாறிவிட்ட 16ஆம் நூற்றாண்டு வீடுகள் சிலவும் உண்டு என்பதால், கட்டுரையாளர் குழம்பியதில் வியப்பில்லை. புல்லியூ வீடு அவற்றுள் ஒன்றல்ல. அது தனியார் வீடு. பகல் வேளையில் அதன் முற்றம் வரை மட்டும் போகலாம்.

அந்த முற்றத்துக்குப் போகாமல் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் உண்மையான வருத்தம். படத்தில் இருப்பது தெருப்பக்கச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, ‘இத்தாலியக் கலைஞர்களின் கைவண்ணம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வீட்டைப் பேர்பெற்றதாக்கிய வேலைப்பாடு தெருவிலிருந்து கண்ணுக்கே படாது. நீண்ட இருண்ட நடையைக் கடந்து, ஈரக் கற்கள் பாவிய சிறிய முற்றத்துக்கு வந்து, கழுத்தை நிமிர்த்தினால்தான் தெரியும். அதைச் செய்தவர் இத்தாலியரும் அல்லர். லியோனில் கட்டடக் கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்து, ரோமுக்குப் போய்ப் பழைய கட்டடங்களை அளந்து பார்த்துவிட்டு, 1536இல் ஊர் திரும்பிய ஃபிலிபேர் தெலோர்ம் என்னும் இருபது சொச்சம் வயது இளைஞர் அவர். பிற்காலத்தில் அரசர் இரண்டாம் ஆன்ரியின் கட்டடக் கலைஞராகி, அனே என்னும் ஊரில் ஒரு கோட்டை மாளிகையையும் பாரீசில் துயிலெரி அரண்மனையையும் வடிவமைத்தவர். துயிலெரி 1871இல் எரிந்துபோயிற்று. அவருடைய ஆரம்ப நாளைய வேலையான இந்த முற்றத்துத் தாழ்வாரமோ இன்றும் நிற்கிறது.

வீட்டுக்குச் சொந்தக்காரரான அந்துவான் புல்லியூ, பிரெத்தாஞ் மாகாணத்தின் வருவாயைக் கவனித்த அரச நிதி அதிகாரி. அவருடைய வீடு தனித்தனிக் கட்டடப் பகுதிகளாக நின்றது. நடுவில் குறுகலான முற்றம், அதில் ஒரு கிணறு. மழையில் நனையாமல் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி வேண்டும், ஆனால் முற்றத்தில் ஓரடியைக்கூட இழக்கக் கூடாது, கிணறும் அப்படியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தெலோர்ம் தரையைத் தொடாமலே அதற்கு விடை கண்டார். முற்றத்தின் இரு மூலைகளிலும் சுவரிலிருந்து விசிறி போல விரிந்து வெளியே நீளும் கல் வளைவுகளை அமைத்தார். கீழே தூண் எதுவும் இல்லாமல், அந்த வளைவுகளே தலா ஒரு சிறு அறையைத் தாங்குகின்றன. அவ்விரண்டு அறைகளுக்கும் இடையே தாழ்வாரம் ஓடுகிறது. பழைய சுவர்கள் நேர்கோணத்தில் அமையாததால் இரண்டு வளைவுகளும் ஒரே அளவில் இல்லை. ஒன்று சாய்வாகத் திரும்பி ஏறுகிறது. ஒரு கல்லைப் போல் இன்னொன்று இருக்க முடியாத அமைப்பு அது. ஒவ்வொன்றையும் முன்கூட்டியே வரைந்து, அச்சு எடுத்து, அதன்படி வெட்டினால் மட்டுமே மேலே போய்ப் பொருந்தும். 1567இல் அச்சான தம் கட்டடக்கலை நூலில், பேரரண்மனைகளுக்கு இடையே இந்தச் சிறிய வேலையையும் தெருப் பெயரோடு அவர் நினைவுகூர்ந்திருக்கிறார் என்றால், அதில் அவருக்கு இருந்த பெருமிதம் விளங்கும்.

லியோனின் பழைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான், நல்லதை எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டவை. சோன் ஆற்றுக்கும் ஃபூர்வியேர் குன்றுக்கும் இடையில் சிக்கிய ஒடுக்கமான நிலத்தில், ஆற்றுக்கு இணையாகச் சில தெருக்கள் ஓடுகின்றன. குறுக்குத் தெருக்கள் மிகக் குறைவு. 1463இல் பதினோராம் லூயி அரசர் ஆண்டுக்கு நான்கு சந்தைகளுக்கு அனுமதி தந்த பிறகு, ஃபுளோரன்ஸ் முதலிய இத்தாலிய நகரங்களின் வங்கியாளர்களும் வணிகர்களும் இங்கே குவிந்தார்கள். தெருமுகப்புக்குக் கிடைத்த இடம் குறுகல் என்பதால், வீடுகள் பின்னோக்கி நீண்டன. வெளிச்சத்துக்காக நடுவில் முற்றம் விடப்பட்டது. முற்றத்தின் ஓரத்தில் கோபுரம் எழுப்பி அதனுள் சுழல் படிக்கட்டு வைக்கப்பட்டது. வீட்டுக்காரரின் செல்வத்தை அந்தப் படிக்கட்டும், மாடி மாடியாக முற்றத்தைச் சுற்றும் தாழ்வாரங்களும் காட்டின. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக வீடுகளுக்குள்ளேயே வழி திறக்கப்பட்டது. ‘திரபூல்’ என்று லியோன்காரர்கள் சொல்லும் இவ்வழிகளில் மிக நீண்டது, சேன் ழான் தெருவின் 54ஆம் எண்ணில் நுழைந்து, பல முற்றங்களைக் கடந்து, பேஃப் தெருவின் 27ஆம் எண்ணில் வெளியே விடுகிறது. மழை நாளில் குடை இல்லாமல் ரொட்டி வாங்கி வர இதைவிட நல்ல வழி கிடையாது.

இனி இரண்டாவது பிழை. ‘பிரெஞ்சு அரசின் தொலைநோக்குப் பார்வையால் இவ்வீடுகள் அனைத்தும் காப்பாற்றப்பட்டன’ என்கிறது கட்டுரை. படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது வேறு. முதல் சில நூற்றாண்டுகள் இவ்வீடுகளைக் காத்தது யாருடைய பார்வையும் அல்ல, வறுமைதான். பணக்காரர்கள் சோன், ரோன் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வந்த உயரமான ழக்கார் நெசவுத் தறிகள் பழைய கூரைகளுக்கு அடங்காமல், இங்கிருந்த பட்டு நெசவுத் தொழிலும் குரூவா ரூஸ் குன்றுக்குப் போயிற்று. எஞ்சிய வீடுகள் தடுப்புச் சுவர்களால் துண்டு துண்டாக்கப்பட்டு, தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. இடித்துக் கட்ட எவருக்கும் ஆதாயம் இல்லாததால் அவை நின்றன. 1930 நவம்பரில் ஃபூர்வியேர் குன்றின் ஒரு பகுதி சரிந்து, மீட்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் உட்பட ஏறத்தாழ 40 பேர் மாண்ட பிறகு, அந்தப் பகுதியே ஆபத்தானது, அழுக்கானது, இடித்துத் தள்ள வேண்டியது என்ற எண்ணம் நகரில் வேரூன்றிவிட்டது.

1957 முதல் 1976 வரை மேயராக இருந்த லூயி பிரதேலுக்குச் சாலைகள் மீதும் கான்கிரீட் மீதும் இருந்த பற்று, லியோனில் இன்றும் கேலியாகப் பேசப்படுகிறது. அவர் காலத்து நகராட்சித் திட்டப்படி, ஆற்றைத் தாண்டி வரும் அகலமான சாலை ஒன்று பழைய நகரின் ஊடே போயிருக்க வேண்டும். அதை எதிர்த்து நின்றவர்கள் குடியிருப்போரும் உள்ளூர் ஆர்வலர்களும். 1946லேயே அவர்கள் பழைய லியோனின் மறுமலர்ச்சி என்ற பெயரில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். பின்னாளில் அதன் முகமாக விளங்கிய பத்திரிகையாளர் ரெஜிஸ் நேரேயின் பெயர் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. தெருத்தெருவாக மக்களை அழைத்துச் சென்று முற்றங்களைக் காட்டுவது அச்சங்கத்தினரின் முக்கியமான வேலைகளுள் ஒன்று. தம் ஊரில் இப்படியும் ஒன்று இருக்கிறது என்று லியோன்காரர்களுக்கே தெரியாதிருந்த காலம் அது.

அரசின் பங்கை நான் மறுக்கவில்லை. பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோவின் பெயரால் வழங்கும் 1962 ஆகஸ்டு 4ஆம் நாள் சட்டம் இல்லாதிருந்தால், சங்கத்தின் குரல் எடுபட்டிருக்குமா என்பது ஐயமே. அதற்கு முன்பு தனித்தனிக் கட்டடங்களை நினைவுச்சின்னமாக அறிவிக்கச் சட்டம் இருந்தது. அப்படி அறிவித்த வீட்டைச் சுற்றியுள்ள சாதாரண வீடுகள் போனால் போகட்டும் என்ற நிலை. மால்ரோ சட்டம் ஒரு பகுதி முழுவதையும் ஒரே உடைமையாகக் கருதியது. எந்தக் கட்டடம் நிற்க வேண்டும், எதைத் திருத்தலாம், காற்றும் வெளிச்சமும் வர எந்தக் கொட்டகையை முற்றத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்று வீடு வீடாகக் குறித்துத் திட்டம் வரையச் சொன்னது. தெருமுகப்பு மட்டுமல்லாமல் படிக்கட்டு, கூரை உத்தரம், கணப்படுப்பு என வீட்டின் உட்புறமும் அதில் அடங்கும். 1964 மே மாதத்தில் பிரான்சிலேயே முதன்முதலாக இச்சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது லியோனின் பழைய நகர்தான்: சேன் ழான், சேன் போல், சேன் ழோர்ழ் ஆகிய மூன்று பேட்டைகள், சுமார் 24 ஹெக்டேர். 1998இல் யுனெஸ்கோ லியோனின் வரலாற்றுப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் ரெஜிஸ் நேரே முன்னின்று உழைத்தார். எனவே அரசு காப்பாற்றியது என்று எழுதுவதைவிட, ஊர்க்காரர்கள் போராடிக் காத்ததற்கு அரசு சட்டம் தந்தது என்று எழுதுவதே நடந்ததற்கு நெருக்கமாக இருக்கும்.

உட்புறமும் பாதுகாக்கப்படுவதால் என்ன வேறுபாடு என்பதை என் வீட்டைக்கொண்டே சொல்கிறேன். சேன் ழோர்ழ் பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு அறைகள் சொந்தம். குளிர் தாங்காமல், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு சன்னல்களை மாற்ற முடிவு செய்தோம். கடையில் விலை மலிவாகக் கிடைத்த இரட்டைக் கண்ணாடி பிளாஸ்டிக் சன்னலின் விலைப்பட்டியலை இணைத்து விண்ணப்பம் போட்டோம், திரும்பி வந்தது. பிழை எங்களுடையதுதான். பாதுகாக்கப்பட்ட பகுதியில் சன்னல் சட்டம் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் படித்திருக்கவில்லை. பிறகு ஒரு தச்சர் வந்து அளவெடுத்தார். சன்னலின் மேல் விளிம்புக் கல்லிலும் அடிக் கல்லிலும் சிலுவை முனை போன்ற வெட்டுத் தழும்பு ஒன்றைக் காட்டி, ஒரு காலத்தில் இங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கல் சட்டம் இருந்திருக்கிறது, யாரோ வெளிச்சம் போதவில்லை என்று அதைக் கொத்தி எடுத்துவிட்டார்கள் என்றார். பதினாறு ஆண்டுகள் அந்தச் சன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்தும் அத்தழும்பை நான் கவனித்ததே இல்லை. ஓக் மரச் சட்டத்துக்குப் பிளாஸ்டிக்கைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவாயிற்று. அந்த மாதம் முழுவதும் நான் மால்ரோவை வாழ்த்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கடுத்த ஆண்டு முற்றத்துச் சுவர் வேலை நடந்தபோது என் மனம் சற்று மாறியது. எப்போதோ ஒரு காலத்தில் சுவரின் அடிப்பகுதியில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. கொத்தனார் அதைத் தட்டிப் பெயர்த்தபோது, பின்னாலிருந்த மஞ்சள் சுண்ணக்கல், நகரின் வடக்கிலுள்ள மோந்தோர் குன்றுகளிலிருந்து வந்த கல், விரலால் தேய்த்த மாத்திரத்தில் மாவாக உதிர்ந்தது. பூச்சு சுண்ணாம்புக் காரையாக இருந்தால், தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே மெல்ல வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுவதால் கல் அழுகிப்போகிறது என்று அவர் விளக்கினார். காரைக்காலில் என் தாத்தா வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்களுக்குத் தெரிந்திருந்த விஷயம்தான் இது. சுண்ணாம்பு பூசித்தான் ஆக வேண்டும் என்ற விதியை அதுவரை நான் அழகுக்காகச் செய்த பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் எழுதும்போது, இந்தப் பாதுகாப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் மூதாட்டி அங்கேயே பிறந்தவர். அவருடைய சிறு வயதில் மாடிக்கு ஒரு தண்ணீர்க் குழாய், படிக்கட்டுத் திருப்பத்தில் எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை ஒன்று. எதிர் வீடுகளில் இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துக்கீசியர், அல்ஜீரியத் தொழிலாளிகள். வீடுகள் ஒவ்வொன்றாகச் சீரமைக்கப்பட்டபோது, அவர்களில் பலர் காலி செய்து போனார்கள்; திரும்பி வரும் அளவுக்கு வாடகை இறங்கவே இல்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து பழைய கட்டடங்களைச் சீரமைப்போருக்கு வரிச்சலுகை கிடைத்தது. அதனால் பணம் உள்ளவர்கள் முதலீடாக வாங்கத் தொடங்கினார்கள். சுவர் பிழைத்தது, அக்கம்பக்கத்தார் போய்விட்டார்கள் என்று அந்த மூதாட்டி சொல்வதில் கசப்பைவிட வியப்பே மிகுதி. எனினும் அந்தப் பொதுக் கழிப்பறையை அவர் ஒருநாளும் ஏக்கத்தோடு நினைத்ததில்லை.

இப்போதைய சிக்கல் வேறு வகையானது. திரபூல்களில் பலவற்றின் உரிமையாளர்களோடு நகராட்சி ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறது. துப்புரவு, விளக்கு, பராமரிப்பு ஆகியவற்றில் ஒரு பங்கை நகராட்சி ஏற்கும். பதிலுக்குப் பகலில் கதவு பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஆனால் மூன்று பக்கமும் கல் சுவர் எழும்பிய முற்றத்தில் ஒருவர் கிசுகிசுத்தாலும் மூன்றாம் மாடி வரை கேட்கும். குறுகிய கால வாடகைக்கு வருவோர் காலை ஐந்து மணிக்குச் சக்கரப் பெட்டியைக் கல்தரையில் இழுத்துப் போகும் ஓசை எப்படியிருக்கும் என்பதைத் தங்கள் வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன். ‘பார்த்தே தீர வேண்டிய ரகசிய வழிகள்’ என்று கட்டுரை எழுதியிருப்பதைப் படித்தபோது, அவ்வழிகளின் இருபுறமும் ஆட்கள் உறங்குகிறார்கள் என்ற ஒரு வரியும் சேர்ந்திருக்கலாமே என்று தோன்றியது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். படக்குறிப்பில் உள்ள ‘ஹோட்டல்’ என்ற சொல்லுக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிட்டு உதவ வேண்டும். விசாரித்துவிட்டு அந்த வீட்டில் அறை கேட்டு வருபவர்களின் ஏமாற்றமாவது தவிரும். அடுத்து, கட்டுரையாளர் மீண்டும் லியோனுக்கு வருவாரானால், ழுய்வ்ரி தெருவுக்கு முற்பகலில் போகட்டும். பூட்டியிருப்பது போலத் தோன்றும் கதவுகள் பலவற்றில், எண் பலகைக்கு அருகே தபால்காரருக்கென்று ஒரு பொத்தான் இருக்கும்; காலை நேரத்தில் அதை அழுத்தினால் கதவு திறந்துகொள்ளும். பெட்டியை வெளியே யாரிடமாவது விட்டுவிட்டு, நடையைக் கடந்து, முற்றத்தில் நின்று மேலே பார்த்துப் படம் எடுக்கட்டும். அந்தப் படத்தைத் தாங்கள் வெளியிட்டால், ஊரிலிருக்கும் என் தங்கைக்கு நான் இத்தனை ஆண்டுகளாகத் தொலைபேசியில் விளக்கிச் சொல்லியும் புரியாத தெலோர்மின் கல் விசிறி ஒருவேளை புரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சேன் ழோர்ழ், லியோன், பிரான்ஸ்